கலியாண ஜெனரேட்டரும் சிறுநீரகத்தின் சின்னச் செய்திகளும்

என் வேலைக்கு மூலப்பொருள் மற்றவர்களுடைய சலம், அதாவது சிறுநீர். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். கலியாண வீடுகளில் யாராவது "கெம்பஸில என்ன படிப்பிக்கிறீங்க?" என்று கேட்டால், "உயிரியல்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேலும் கேட்பவர்களிடம் மட்டும், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது, அந்தப் பழுது தொடங்கும்போதே அதைச் சலத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன். கேட்டவர் கையிலிருக்கும் பலகாரத்தை ஒரு தடவை பார்ப்பார். பிறகு சாப்பிடுவார். நானும் சாப்பிடுவேன்.

வெளிநாட்டில், குளிர் தாங்க முடியாத ஓர் ஊரில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தேன். அங்கே என் நோயாளிகள் எல்லாரும் சுண்டெலிகள். அவற்றுக்கு நீரிழிவை வரவழைத்து, சிறுநீரகத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி, அதற்குள் எந்த ஆர்.என்.ஏ. கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்ப்போம். நான் தேடியது புரதம் உண்டாக்காத ஆர்.என்.ஏ.க்களை. பரம்பரையலகில், அதாவது மரபணுவில், எழுதியிருப்பதை எடுத்துச் சென்று புரதமாக்க உதவும் தூதுவன்தான் ஆர்.என்.ஏ. என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். ஆனால் நம் உடலின் கலங்கள் உண்டாக்கும் ஆர்.என்.ஏ.யில் பெரும் பகுதி எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை. அதனாலேயே நெடுங்காலம் அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. மற்றத் தூதுவர்களைப் பேச விடுவதும் வாயை மூடவைப்பதும் இவைதான் என்பது பிறகுதான் தெரியவந்தது.

அவற்றில் மிகச் சிறியவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும்தான். இருபத்தொன்று என்று ஒன்று இருக்கிறது. சீனி கூடிய இரத்தம் நாள்பட ஓடும் சிறுநீரகத்தில் அது பெருகும். தழும்பு விழாமல் தடுத்துக்கொண்டிருக்கும் காவலை அது பலவீனப்படுத்தும். இருபத்தொன்பது என்று இன்னொன்று. அது நல்ல பிள்ளை, தழும்பு நாரை வளரவிடாமல் அடக்கிவைத்திருக்கும். நோய் முற்ற முற்ற அது குறைந்துபோகும். தழும்பு ஏறிய சிறுநீரகம் வடிகட்டும் வேலையை மெல்ல மெல்லக் கைவிடும். ஆளுக்கு நோவும் இராது, காய்ச்சலும் இராது. கால் வீங்கி, சோறு வெறுக்கும்போது ஓடிப்போய்ப் பார்த்தால் பெரும் பகுதி போய்விட்டிருக்கும். இந்தச் சின்னத் துணுக்குகள் கொழுப்பாலான மிகச் சிறிய பைகளுக்குள் பொதிந்து சலத்தோடு வெளியே வருகின்றன. உள்ளே நடப்பதை வெளியே சொல்லும் செய்திகள். அவற்றைப் பிடித்துப் படிக்கலாம் என்பதுதான் என் ஆசை.

படிப்பு முடிந்து, இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புக்குப் பக்கத்திலுள்ள என் ஊரான செங்கலடிக்கே திரும்பிவந்தேன். எலிகளை விட்டுவிட்டு மனிதர்களிடம் போக வேண்டிய நேரம். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் புதன்கிழமைகளில் சீனிக் கிளினிக் நடக்கும். அனுமதி எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு பெட்டி நிறைய மூடிபோட்ட பிளாஸ்டிக் போத்தல்களோடு போய் நின்றேன். வாங்கில், அந்த நீள இருக்கைகளில், நெருக்கமாக ஆட்கள். கிளினிக் மிஸ்ஸி, அதாவது அங்குள்ள மூத்த தாதி, என்னை முன்னால் நிறுத்தினார்.

"இந்த மிஸ் கெம்பஸால வந்திருக்கா. உங்கட சலத்தில கொஞ்சம் தருவீங்களா எண்டு கேக்கா. ஆராய்ச்சிக்கு."

யாரும் அசையவில்லை. நான் என்ன, எதற்கு என்று நீளமாகச் சொன்னேன். வெளிநாட்டு மாநாடுகளில் பேசிப் பழகிய வாய் அது. பேசப் பேச ஆட்கள் இன்னும் விலகிப்போவது எனக்கே தெரிந்தது. கடைசியில் பின்வரிசை வாங்கிலிருந்த ஒரு கிழவர், "ஏன் மகள், எங்கட சலத்த வெளிநாட்டுக்கு விக்கப்போறீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, போத்தல் பெட்டியை மூடப் போனேன்.

அப்போதுதான் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழும்பினார். பக்கத்து ஊரான ஏறாவூர்க்காரி. கறுப்பு அபாயா, காலில் அகலமான ரப்பர்ச் செருப்பு, கையில் மருந்துப் பை. அவரை அந்தக் கிளினிக்கில் எல்லாரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏறாவூரில் அக்காவை அப்படித்தான் அழைப்பது வழக்கம்.

"இந்தப் புள்ள எவ்வளவு நேரமா நிண்டு கேக்குது. தங்கத்தையா கேக்குது? கக்கூசில ஊத்துறதத்தானே கேக்குது. என்ட போத்தல இஞ்ச தாங்க."

அவர் போத்தலை வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் எழும்பினார்கள். பிறகு ஒரு வரிசையே உண்டாகிவிட்டது. நானும் மிஸ்ஸியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சில வாரங்கள் கழித்துத்தான் ராத்தா அன்று ஏன் எழும்பினார் என்று தெரிந்தது. மருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவருடைய கணவர் வளைகுடாவில் பல காலம் லொறி ஓட்டியவர். அங்கே இருக்கும்போதே சீனி வந்துவிட்டது. ஊருக்கு வந்த பிறகு சிறுநீரகம் பழுதானது தெரிந்து, இரத்தம் சுத்திகரிக்க மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய், கடைசியில் மௌத்தாகிவிட்டார்.

"சலத்தில நுர வருது எண்டு அவர் ஒருநாள் செல்லினார் மகள். நான் கக்கூஸ் கழுவின சோப்புத்தண்ணி எண்டு நினச்சன். அதுதான் வருத்தம் தொடங்கின நேரம் எண்டு எங்களுக்கு ஆரு செல்லித் தந்த? உங்கட இந்தப் போத்தலால நுர வர முந்தியே தெரியுமா?"

"அது தெரியுமா எண்டுதான் பாக்கிறன் ராத்தா. இன்னும் உறுதியாச் சொல்ல ஏலாது."

"பாருங்க. நல்லாப் பாருங்க. நான் எத்தின போத்தலும் தாறன்."

சொன்னபடியே செய்தார். தான் தந்ததோடு நிற்காமல் ஏறாவூரில் தன் தெருவிலுள்ள பெண்களையும் கூட்டிவந்தார். வெட்கப்பட்டவர்களுக்குப் போத்தலைப் பத்திரிகைத்தாளில் சுற்றி, சொப்பிங் பேக்கில் போட்டுக் கொண்டுவரப் பழக்கினார். ஒரு தடவை அவர் பேக்கைத் திறந்தபோது போத்தல்களோடு ஒரு பார்சல் சோறும் இருந்தது. "அது ஒங்களுக்கு. மாறி ஆய்வுக்கு எடுத்திராதீங்க" என்றார்.

இன்னொருவர் தொலைவிலுள்ள உன்னிச்சையிலிருந்து வரும் கமக்காரர், நெல் விவசாயி. அறுபது வயதுக்கு மேல். மெலிந்த, உயர்ந்த ஆள். சட்டையை எப்போதும் கழுத்துவரை பூட்டியிருப்பார். நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்பார். கேட்டுவிட்டுக் கேள்வி கேட்பார்.

"அப்ப அந்தச் சாமான், நீங்க தேடுறது, அது தானா ஒண்டையும் உண்டாக்காது?"

"ஓம் ஐயா. புரதம் ஒண்டும் உண்டாக்காது. எது எவ்வளவு உண்டாகட்டும் எண்டு பாத்துக்கொள்ளும்."

"எங்கட வட்டவிதானையப் போல." வட்டை என்பது வயல்வெளி. அதற்கு முறைவைத்து வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிடுபவர் வட்டவிதானை. "அவர் ஒரு பிடி விதைக்கமாட்டார். ஆனா அவர் சரியில்லாட்டி ஒரு வயலும் விளையாது."

"அப்பிடித்தான்."

"எனக்குள்ள இருக்கிறவர் சரியில்ல போல" என்று சொல்லி மெல்லச் சிரித்தார். அப்போதே அவருடைய சலத்தில் பழுதின் அடையாளமாக அல்புமின் என்ற புரதம் கூடுதலாகவே வந்துகொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேலாகச் சேர்த்தோம். நோய் இல்லாதவர்களுடைய சலமும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. கெம்பஸில் கூட வேலை செய்பவர்களைக் கேட்டேன். என் கணவர் தந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர், தன்னை யாராவது எண்ணாக்கினால் சந்தோஷப்படுவார். நானும் என்னுடையதைத் தந்தேன். எல்லாருக்கும் செய்வதுபோல எனக்கும் சீனி பார்த்தார்கள், எல்லைக்குள் இருந்தது. போத்தல்களில் பெயர் எழுதுவதில்லை, ஓர் எழுத்தும் எண்ணும்தான். எல்லாம் எங்கள் ஆய்வுகூடத்திலுள்ள மைனஸ் எண்பது பாகைக் குளிர்ப்பெட்டிக்குள் போயின. அந்தக் குளிரில் வைக்காவிட்டால் ஆர்.என்.ஏ. தங்காது, துண்டு துண்டாக உடைந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். போதிய அளவு சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக அளப்பதென்று இருந்தோம். அளப்பதற்கான இரசாயனங்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்.

அந்த நேரம் பார்த்து நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தது. இரசாயனம் வரவில்லை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, டீசல் இல்லை. கரண்ட் பகலிலும் மணிக்கணக்காக நின்றது. குளிர்ப்பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் சில மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் பின்கட்டிடத்து ஜெனரேட்டர் ஓடவேண்டும். அது பெரிய ஜெனரேட்டர், கட்டிடம் முழுவதற்குமானது, டீசலைக் குடித்துத் தள்ளும். கொஞ்ச நாளில் அதற்கும் டீசல் முடிந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, ஆஸ்பத்திரிகளுக்கே இல்லாத காலம்.

என் கணவர் செங்கலடிச் சந்தியில் எண்ணெய் வரிசையில் போய் நின்றார். காலையில் போனால் பின்னேரம் வெறுங்கையோடு, வெயிலில் கறுத்துப்போய் வருவார். பிளாஸ்டிக் கானில் கொடுக்கமாட்டார்கள், வாகனத்துக்குத்தான். நானும் எங்கள் தொழினுட்ப உத்தியோகத்தரும் குளிர்ப்பெட்டியின் கதவிலுள்ள எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மைனஸ் எண்பதாக இருக்க வேண்டியது மைனஸ் எழுபதுக்கு ஏறும், அறுபத்தைந்துக்கு ஏறும். கரண்ட் வந்ததும் மீண்டும் இறங்கும். ஒவ்வொரு நாளும் அது ஏறும் உயரம் கூடிக்கொண்டே போனது. எங்கள் தொழினுட்ப உத்தியோகத்தர் அதிகம் பேசாத மனிதர். அவர் வீட்டிலிருந்து பழைய போர்வைகளைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிக் கட்டினார். காய்ச்சல்காரனைப் போல அது போர்த்திக்கொண்டு நின்றது.

அந்தப் புதன்கிழமை கிளினிக்குக்கு வெறுங்கையோடு போனேன். இனிப் போத்தல் வாங்க முடியாது, இருப்பதையே காப்பாற்ற முடியுமோ தெரியாது என்று மிஸ்ஸியிடம் சொல்லத்தான் போனேன். பஸ் ஓடாததால் கிளினிக்கிலும் ஆட்கள் குறைவு. ராத்தா நடந்தே வந்திருந்தார். உன்னிச்சைக்காரர் மருந்துக்காக முதல் நாளே வந்து செங்கலடியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். நான் மிஸ்ஸியிடம் சொன்னதை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நாங்க தந்ததெல்லாம் பழுதாப்போகுமா?" என்று ராத்தா கேட்டார்.

"டீசல் இல்லாட்டிப் போகும் ராத்தா."

"எவ்வளவு டீசல் வேணும்?"

"பெரிய ஜெனரேட்டர். எவ்வளவு ஊத்தினாலும் காணாது."

"சின்ன ஜெனரேட்டர் ஓடினா ஏலாதா? அந்த ஒரு பெட்டிக்கு மட்டும்?"

நான் அதை யோசிக்காமல் இல்லை. அப்படி ஒன்று எங்கே கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை. அதைச் சொன்னேன். ராத்தா கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பிவந்து, "என்ட தங்கச்சிட மாப்பிள்ள கலியாண ஊடுகளுக்கு லைற் கட்டுறவர். இப்ப கலியாணம் எங்க நடக்குது? ஜெனரேட்டர் சும்மாதான் கிடக்குதாம். எடுங்க எண்டுட்டார்" என்றார். உன்னிச்சைக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்த ஜெனரேட்டர் ஒரு தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தது. நீலமும் மஞ்சளும் பூசி, பக்கத்தில் தாமரைப்பூ வரைந்திருந்தது. கலியாணப் பந்தலின் சின்னப் பல்புச்சரம் ஒன்று கழற்றப்படாமல் அதில் சுற்றியபடியே இருந்தது. எங்கள் தொழினுட்ப உத்தியோகத்தர் இணைப்புக் கொடுத்துப் பார்த்தார், குளிர்ப்பெட்டியை அது தாங்கியது. ஆனால் அதன் எண்ணெய்த் தாங்கிக்குள் கிடந்த டீசல் ஒரு பகல் பொழுதுக்குக்கூடக் காணாது.

அடுத்த வாரத் தொடக்கத்தில், காலை வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது வாசற்காவலாளி கூப்பிட்டார். நெல் ஆலைக்குப் போகும் உழவு மெசின், ட்ரக்டர், ஒன்று றோட்டோரம் நின்றது. அது பின்னால் இழுத்துவந்த பெட்டியில் நெல் மூட்டைகள். மூட்டைகளுக்கு மேலே கழுத்துவரை பூட்டிய சட்டையோடு உன்னிச்சைக்காரர், கால்களுக்கு நடுவில் ஒரு பெரிய கான்.

"இறக்குங்க புள்ள, பாரம்" என்றார்.

"ஐயா, இது எங்கால?"

"நெல்லு வெட்ட எண்டு அரசாங்கத்துக் கமநல ஆக்கள் தந்தது. வெட்டு மெசினுக்கு."

"அப்ப வெட்டு?"

"கீழ்வயல கையால வெட்டினம். பொண்டாட்டி, மகள், மருமகன், பக்கத்து வளவு ஆக்கள், எல்லாரும் எறங்கினம். கன காலத்துக்குப் புறகு அருவாள் பிடிச்சது. கையெல்லாம் கொப்புளம்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "மேல்வயலுக்கு மட்டும் மெசின் விட்டம். இது மிச்சம்."

சீனிக்காரர் கையில் கொப்புளம் வரக்கூடாது, புண்ணானால் ஆறாது என்று சொல்ல வேண்டியவள் நான். அதைத்தான் சொன்னேன், குரல் உடைந்து. அவருக்கு அது வேடிக்கையாகப் போயிற்று.

"மருந்து பூசியாச்சு. அழாதீங்க. அதுக்குள்ள இருக்கிறது எங்கட சலந்தானே. நாங்க பாக்காம ஆரு பாக்கிற?"

அந்த டீசல் வீணாகாமல் எங்கள் உத்தியோகத்தர் காவலிருந்தார். கரண்ட் நின்று, பெட்டிக்குள் வெப்பநிலை ஓர் அளவுக்கு மேல் ஏறினால் மட்டும் ஓட்டுவார். முடியும் முன்னே இன்னொரு கான் பழுகாமம் என்ற ஊரிலிருந்து வந்தது. அனுப்பியவரை நான் அதுவரை கண்டதே இல்லை, உன்னிச்சைக்காரர் எங்கேயோ சொல்லியிருக்கிறார். கரண்ட் சீராகும்வரை அந்தப் பெட்டி தாங்கிவிட்டது. ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது ராத்தாவின் தங்கை கணவர் வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. "எங்கட ராத்தா கேட்டிட்டா, அவ்வளவுதான்" என்றார்.

இரசாயனங்கள் பிறகும் நெடுநாள் வரவில்லை. வந்த பின்னர் அளக்கத் தொடங்கினோம். மெல்ல நடக்கும் வேலை அது. சலத்திலிருந்து அந்தக் கொழுப்புப் பைகளைப் பிரித்து, உடைத்து, ஆர்.என்.ஏ.யை எடுத்து, இருபத்தொன்று எவ்வளவு, இருபத்தொன்பது எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். எது யாருடையது என்று அளக்கும்போது பார்க்கமாட்டோம். அளந்து முடித்த பிறகுதான் நோயுள்ளவர் எவர், இல்லாதவர் எவர் என்று பிரிப்போம்.

ஒரு பின்னேரம் எங்கள் தொழினுட்ப உத்தியோகத்தர் என் மேசைக்கு வந்தார்.

"மெடம், நோயில்லாத ஆக்களில ஒண்டு ஒத்துவரல்ல. இருபத்தொண்டு நல்லாக் கூடிக் கிடக்கு. நான் ரெண்டாந்தரமும் போட்டுப் பாத்திட்டன்."

"என்ன எண்?"

அவர் சொன்னார். எண்களுக்குரிய ஆட்களை நான் மனப்பாடம் செய்ததில்லை. அந்த ஓர் எண்ணைத் தவிர. அது என்னுடையது.

இங்கே நான் கவனமாகச் சொல்ல வேண்டும். ஒருவரில், ஒரே ஒரு தடவை, ஒரு துணுக்குக் கூடியிருந்ததால் எதுவும் நிரூபணமாகாது. அது தற்செயலாகவும் இருக்கலாம். இருபத்தொன்று வேறு காரணங்களாலும் கூடும். என் மாணவர்களில் ஒருவர் இதை வைத்து முடிவு எழுதினால் நான் சிவப்புப் பேனையால் வெட்டுவேன். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அம்மாவுக்கும் சீனி இருந்தது. நான் கடைசியாகச் சோதித்தது அந்தப் போத்தல் கொடுத்தபோதுதான்.

"நாளைக்கே போவம்" என்றார் அவர்.

போனோம். சீனி எல்லை தாண்டியிருந்தது, அதுவும் சில மாதங்களாகவே என்று தெரிந்தது. சலத்தில் அல்புமின் தொடங்கியிருந்தது, சாதாரணச் சோதனையில் பிடிபடாத சிறு அளவில். டொக்டர் நிதானமாகப் பேசினார். "நீங்க வந்தது நல்ல நேரம். இந்தக் கட்டத்தில மருந்து நல்லா வேலை செய்யும்" என்றார். பல வருடங்களாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கேட்கும்போது முற்றிலும் புதிதாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை நான் போத்தல் பெட்டி இல்லாமல் கிளினிக் வாசலில் நின்றேன், கையில் நோயாளிகள் கொண்டுவரும் கிளினிக் கொப்பி ஒன்று. மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். என் தோளைத் தொட்டுவிட்டு, "போய் இரிங்க, கூப்பிடுறன்" என்றார். வாங்கில் உன்னிச்சைக்காரர் இருந்தார். அவர் என்ன நடந்தது என்று ஒரு நொடியில் விளங்கிக்கொண்டார். நகர்ந்து இடம் விட்டார்.

"இஞ்சால இரிங்க புள்ள. காத்து வரும்."

ராத்தாவுக்கு நானே சொன்னேன். போத்தல், எண், இருபத்தொன்று, எல்லாம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "முந்தித் தெரிஞ்சிட்டுதுதானே மகள். நுர வர முந்தித் தெரிஞ்சிட்டுதுதானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நான் அவர்களுடைய ஆளாகிவிட்டேன். மருந்தை எந்த நேரம் எடுத்தால் வயிறு பிரட்டாது, கலியாண வீட்டில் எப்படித் தட்டைத் தள்ளிவைப்பது, எந்தச் செருப்புக் காலைக் கடிக்காது என்பதையெல்லாம் அந்த வாங்கில்தான் பேசிக்கொள்வோம். ராத்தா போடுவது போன்ற அகல ரப்பர்ச் செருப்பு இப்போது என்னிடமும் இருக்கிறது. வீட்டில் கணவர் சோற்றுக் கோப்பையைச் சின்னதாக்கினார், தன்னுடையதையும் சேர்த்து. பின்னேரங்களில் வாவிக்கரையால் இரண்டு பேரும் நடக்கிறோம். அவர் வேகமாக நடப்பார், நான் கூப்பிட்டு நிறுத்துவேன். கடைசியாகப் பார்த்தபோது என் அல்புமின் பழைய அளவுக்கு இறங்கியிருந்தது.

ஆய்வு முடிந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன். எங்கள் ஆட்களிலும் நோயோடு இருபத்தொன்று ஏறுகிறது, இருபத்தொன்பது இறங்குகிறது. சிலரில் அல்புமின் தெரிவதற்கு முன்னமே அந்த ஏற்றம் தெரிவதுபோல இருக்கிறது. உறுதியாகச் சொல்ல இன்னும் பலரை, இன்னும் பல வருடங்கள் பார்க்க வேண்டும். என்னுடைய போத்தலை விதிப்படி கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். நோயில்லாதவர்கள் பக்கம் அதை வைக்க முடியாது.

ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்ல ஒரு சின்ன இடம் தருவார்கள். பங்குபற்றியவர்களின் பெயரைப் போடக்கூடாது, அது சரியான விதிதான். "பங்குபற்றிய எல்லாருக்கும்" என்று ஒரு வரியில் அடங்கிவிட்டது. அந்த வரியைக் கிளினிக்கில் தமிழில் வாசித்துக் காட்டினேன். மிஸ்ஸி கைதட்டினார். ராத்தா, "பேர் இல்லாட்டி என்ன, அல்லாஹ்வுக்குத் தெரியுந்தானே" என்றார். எனக்கு அது போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், இங்கேயும் பெயர்கள் இல்லாமலே.

உன்னிச்சைக்காரருடைய சிறுநீரகத்தை மருந்தால் நிறுத்திப்பிடிக்க முடியவில்லை. அவர் எங்களிடம் வரும்போதே நோய் முன்னேறியிருந்தது. இப்போது மட்டக்களப்பில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். நான் அவ்வப்போது போய்ப் பக்கத்தில் இருப்பேன். போன முறை போனபோது ஒரு கையில் குழாய்கள், மறு கையில் கைத்தொலைபேசி. மாரி விதைப்பு நேரம். மருமகனோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், கீழ்வயலில் தண்ணி கட்டிநிற்கிறதா, வரம்பு உடைந்த இடத்தை அடைத்தாயா என்று. பேசி முடித்து என்னைப் பார்த்தார்.

"மருந்து போடுறீங்களா?"

"ஓம் ஐயா. நீங்க எப்பிடி?"

"இருக்கன். மெசின் நல்லா ஓடுது. பக்கத்துக் கட்டில்காரருக்குத்தான் பயம். நான் கதை குடுத்துக்கொண்டிருக்கன்."

நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். எத்தனையோ முறை சொன்னதுதான், ஒவ்வொரு முறையும் அரைவாசியில் நின்றுவிடும். அவர் குழாய் இல்லாத கையை ஆட்டினார்.

"சரி, சரி. கெம்பஸில பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள், கிளாசுக்கு நேரமாகுது. போய்ட்டு வாங்க."

நான் எழும்பி, அவருடைய போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டு, செங்கலடி பஸ்ஸைப் பிடிக்க வெளியே வந்தேன்.